வாயை மூடாத லேப்டாப்

பிள்ளைகளே,

சித்தியின் சீமந்தத்தன்று சாயந்திரம் நீங்கள் இருவரும் ஹாஸ்டலிலிருந்து ஃபோன் பண்ணி, "நைனா, அம்மா எப்டிப் பாடுனாங்க?" என்று கேட்டீர்கள். நான், "லேப்டாப் சரியாயிடுச்சு, வெச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அப்போது நான் மண்டபத்து வாசலில் ஆம்ப்ளிஃபயரை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்தது உண்மைதான். ஆனால் கை சும்மா இருந்திருந்தாலும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். நீங்கள் தெலுங்கு மீடியத்தில் படித்த பிள்ளைகள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். மெதுவாகவே படியுங்கள். நானும் பத்தாவது வரைக்கும் படித்த தமிழை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வருகிறது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும்தான் மாற்றி மாற்றி வராந்தாவில் படுத்துக் கிடந்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது. பேச்சு வந்துவிடும், ஆனால் மேலே ஏற்றிப் பாடுவதெல்லாம் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நான் அதை உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவளே தெரிந்துகொண்டாள். நம்ம ஊரில் யார் வீட்டில் மஞ்சள் நீர், நலங்கு என்றாலும் முதலில் கூப்பிடுகிற ஆள் அவள். ஆபரேஷனுக்கு அப்புறம் கூப்பிட வந்தவர்களிடம் கழுத்துத் தழும்பைக் காட்டி அனுப்பிவிட்டாள். கோழியை அடைக்கும்போதுகூட வாயால் கூப்பிடாமல் கை தட்டினாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் உங்கள் சித்திக்கு ஏழாம் மாதம் வந்தது. சித்தியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள் உங்கள் அம்மாதான். அவளுக்குத் தாய் இடத்தில் இருக்கிறவள். சித்தி வாழப் போனது திருப்பதியில், தெலுங்குக்காரர் வீடு. சீமந்தம் நாம் செய்ய வேண்டியது என்பதால், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கட்டும் என்று சித்தூரில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே உங்கள் அம்மா சொன்னாள்.

"நான் பாடலாம்னு கீறேன்."

எனக்குக் கை பாதியில் நின்றது. "கொரலு வருமா?"

"வர்ற வரைக்கும் வரட்டும். உன்கிட்டதான் மைக்கு, பொட்டி எல்லாம் கீதே. அத வெச்சுக் குடு. என் கொரலு கடைசி வரிசைல ஒக்காந்துகினு கீறவளுக்கும் கேக்கணும். அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். பாட்டை அவள் பார்த்துக்கொள்வாள், மைக்கை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால் வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் நான் மைக் செட்காரரிடம் வேலை செய்தவன். அப்போது வாங்கின பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக் பரணில் இருந்தது. அதை இறக்கித் துடைத்தேன். பின்னணி இசைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, பாப்பா, நீதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உன் பழைய லேப்டாப்பில் ஒரு ப்ரோக்ராம் போட்டுக் கொடுத்தாய். அம்மா பாட எடுத்திருந்த பாட்டில் பாடுகிறவர் குரலை எடுத்துவிட்டு வெறும் இசையை வைத்தாய். அந்த இசையின் சுருதியையும் கீழே இறக்கினாய். அம்மாவுக்கு இப்போது எட்டுகிற இடம் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு படியாக இறக்கி இறக்கிப் பாடச் சொல்லி, மூன்று படி குறைத்து நிறுத்தினாய். தெலுங்குப் பாட்டைத் தமிழ் எழுத்தில் அடித்து, எந்தச் சொல்லைப் பாட வேண்டுமோ அந்தச் சொல் நிறம் மாறுகிற மாதிரியும் பண்ணினாய். மூச்சு விடுகிற இடம் அதைப் பார்த்தால்தான் அவளுக்குப் பிடிபட்டது. அதனால் லேப்டாப் அவள் முகத்துக்கு எதிரில், மைக்குக்குப் பக்கத்திலேயேதான் இருந்தாக வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சனி பிடித்தது அங்கேதான்.

நீ ஹாஸ்டலுக்குப் போன மறுநாள் நான் கூடத்தில் எல்லாவற்றையும் மாட்டினேன். ஒயரின் ஒரு முனை ஆம்ப்ளிஃபயரில், இன்னொரு முனை லேப்டாப் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டையில். வழக்கப்படி உள்ளே சொருகிவிட்டு ஒரு நெல்லளவு பின்னால் இழுத்து வைத்தேன். மைக் செட் வேலையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். செல்ஃபோனில் பாட்டுப் போட ஆரம்பித்த காலத்தில், ஒயரை முழுசாகத் தள்ளினால் சில ஃபோனில் மேளமும் தாளமும் வரும், பாடுகிறவன் குரல் மட்டும் காணாமல் போய்விடும். ஒரு நெல் வெளியே இழுத்தால் குரல் திரும்பி வரும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் குரல் இல்லாமல் பாட்டுப் போட்டு ஒரு முறை திட்டு வாங்கினால் போதும், அப்புறம் கை தானாக இழுக்கும்.

பாட்டைப் போட்டேன். பெட்டியில் நன்றாக வந்தது. கூடவே லேப்டாப்பும் பாடியது. பெட்டி மாட்டினால் லேப்டாப் தன் வாயை மூடிக்கொள்ளும் என்று நீ சொல்லியிருந்தாய். இது மூடவில்லை. தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தில் அதே பாட்டை அது தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று உங்கள் அம்மாவைப் பாடச் சொன்னேன்.

அவள் குரல் சன்னமாக வந்தது. மைக்கைக் கூட்டினேன். கூட்டினதும் மைக், எதிரில் இருந்த லேப்டாப்பின் தகரப் பாட்டையும் சேர்த்து இழுத்துப் பெட்டியில் விட்டது. அவள் குரல் அதற்கு அடியில் போய்விட்டது. இன்னும் கூட்டினேன். லேப்டாப் இன்னும் பெரிசாகப் பாடியது. இன்னும் கூட்டினால் பெட்டி ஊளையிட்டது. உங்கள் அம்மா மைக்கைக் கீழே வைத்தாள்.

"இன்னா, நான் பாடணுமா, இல்ல உன் லேப்டாப்பு பாடணுமா?"

"இரு, அத்த வாய மூட வெக்கறேன்."

லேப்டாப்பில் சத்தத்தைக் குறைத்தேன். பெட்டியிலும் குறைந்தது. சத்தமே வேண்டாம் என்கிற பட்டனை அழுத்தினேன். பெட்டியும் செத்தது. இரண்டும் ஒரே குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி இருந்தது, ஒன்றை மூடினால் இன்னொன்றும் நின்றது. துண்டை நாலாக மடித்து லேப்டாப்புக்கு அடியில் வைத்து, சத்தம் வருகிற ஓட்டைகளை அடைத்தேன். கொஞ்சம் அடங்கியது. ஆனால் காற்றுப் போகிற வழியும் அதோடு அடைபட்டு, லேப்டாப் இட்லிப் பானை மாதிரிக் கொதித்து, பாட்டு பாதியில் இருக்கும்போது தானாக அணைந்துபோனது. உங்கள் அம்மா அதைப் பார்த்து, "பாவம், அதுக்கும் தொண்டைல ஆபரேஷன் பண்ணணும் போல" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாப்பா, உனக்கு ஃபோன் பண்ணினேன். நீ அன்றைக்கு ரொம்பப் பொறுமையாகத்தான் பேசினாய்.

"நைனா, கீழ வலது பக்கம் மூலைல ஸ்பீக்கர் படம் இருக்குதா?"

"இருக்குது."

"அதுமேல ரைட் கிளிக் பண்ணு."

"பண்ணிட்டேன். என்னென்னவோ வந்து நிக்குது. ஆங், இப்ப போயிடுச்சு."

"ஏன் போச்சு?"

"எனக்கு எப்டித் தெரியும்? அது வருது, போவுது. நான் இங்கயே ஒக்காந்துகினு கீறேன்."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னாய். சவுண்டு செட்டிங்ஸ் திறந்தேன்.

"அதுல ரெண்டு பேரு இருக்கணும் நைனா. ஸ்பீக்கர்னு ஒன்னு, ஹெட்ஃபோன்னு ஒன்னு."

"ஸ்பீக்கர் மட்டும்தான் கீது."

"அப்ப ஒயரு மாட்டினதே அதுக்குத் தெரியல. ஜாக் முழுசா உள்ள போயிருக்குதா, பாத்தியா?"

"அடியே, நீ பொறக்கறதுக்கு முன்னாலயே ஒயரு சொருகிகினு இருந்தவன் நான். எனக்குப் போயி ஒயரு சொருகச் சொல்லிக் குடுக்கறியா? பெட்டிலதான் பாட்டு வருதே. ஒயரு போகாமயா வருது? நீ லேப்டாப்பப் பத்திப் பேசு."

 பக்கத்திலிருந்து உன் தம்பி ஃபோனை வாங்கி, "நைனா, ரீஸ்டார்ட் பண்ணுனியா?" என்றான். "காலைலேர்ந்து அதத்தான்டா பண்ணிகினு கீறேன்" என்று அவனிடமும் கத்தினேன். அப்புறம் அவன் சொன்னபடி ஏதோ ஒன்றை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். போட்டு முடித்ததும் பாட்டைத் தட்டினேன். இரண்டும் பாடின.

அடுத்த நாள் பலமனேரியிலிருந்து கொண்டு வந்த பாலை இறக்கிவிட்டுச் சித்தூரில் வேனை நிறுத்தி, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கிற ரிப்பேர் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் ஹெட்ஃபோனை அதே ஓட்டையில் சொருகினார். லேப்டாப் உடனே வாயை மூடியது. ஹெட்ஃபோனை என் காதில் வைத்தார். பாட்டு ஜம்மென்று கேட்டது. எடுத்தார், லேப்டாப் பாடியது. சொருகினார், மூடியது.

"பாகானே உந்தி கதன்னா" என்றார். நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்.

"இக்கட பாக உந்தி. இன்ட்லோ லேது" என்றேன். இங்கே மூடுகிறது, வீட்டில் மூடவில்லை என்று வேறு எப்படிச் சொல்ல.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிள்ளை வீட்டில் அடம் பிடிக்கிறான், டாக்டரைப் பார்த்ததும் அடங்கிவிட்டான் என்று சொல்கிற தகப்பனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. உங்கள் ஒயரைக் கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். ஒயரில் ஒன்றுமில்லை, எத்தனையோ கல்யாணத்துக்கு ஓடின ஒயர் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு என்னமோ அப்டேட் என்று போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சட்டைகூடக் கழற்றாமல் மாட்டிப் பார்த்தேன். இரண்டும் பாடின. அந்த நிமிஷம் லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன், உன்னுடையது என்பதால் விட்டேன்.

சீமந்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாயந்திரம் நான் கூடத்தில் உட்கார்ந்து, செட்டிங்கில் ஒவ்வொன்றாக மாற்றி, லேப்டாப்பின் ஓட்டையில் காதை வைத்து, சத்தம் நின்றதா நின்றதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரையில் உங்கள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் இல்லாமல், இசை இல்லாமல், தனக்குத் தானே. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. எனக்கோ லேப்டாப்பில் வருகிற சத்தமும் அவள் சத்தமும் குழம்பியது.

"கொஞ்சம் சும்மா இருமே. எதுலேர்ந்து சத்தம் வருதுன்னே தெரியல."

பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கீரைத் தட்டோடு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அத்த வாய் மூட வெக்க முடியல, என்ன வாய் மூடச் சொல்ற."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அப்புறம் அவள் பாடவில்லை. நானும் பாடச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு செட்டிங்கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குப் பரீட்சை, அதனால் நீங்கள் சீமந்தத்துக்கு வர முடியவில்லை. மண்டபத்தில் நடந்தது இதுதான். சித்தியை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொருத்தராக வந்து சந்தனம் பூசி, வளையல் போட்டார்கள். வளையல் முடிந்ததும் பாட்டு, பாட்டு முடிந்ததும் ஆரத்தி, அதற்கப்புறம் சாப்பாடு என்று பேச்சு. ராகு காலம் வருவதற்குள் ஆரத்தி எடுத்துவிட வேண்டும் என்று சித்தியின் மாமியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் காலையிலேயே போய் மேடை ஓரத்தில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். உங்கள் அம்மாவின் கழுத்துக்கு ஒட்டின பிளாஸ்டர் மீதி வீட்டில் இருந்ததைக் கொண்டு வந்திருந்தேன். லேப்டாப்பின் சத்த ஓட்டைகள் மேல் அதை இரண்டு அடுக்காக ஒட்டினேன். சத்தம் மூக்கடைத்த மாதிரி ஆனது, நிற்கவில்லை.

வளையல் முடிந்தது. உங்கள் அம்மா பட்டுப் புடவையில் வந்து மைக்கைப் பிடித்தாள். பாட்டைத் தட்டினேன். முதல் வரி ஆரம்பித்தாள். எனக்கே கேட்கவில்லை. மைக்கைக் கூட்டினேன், பிளாஸ்டருக்குள்ளிருந்து லேப்டாப் மூக்கால் பாடியது பெட்டியில் மண்டபம் பூராவும் வந்தது. முன் வரிசையில் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். உங்கள் அம்மா நிறுத்தினாள். நான் நிறுத்தி, அணைத்து, மறுபடியும் போட்டேன். அது திறந்து வருவதற்குள் ஒரு யுகம் ஆனது. ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த மாமியார் கூப்பிட்டார்.

"வதினா, பாட பாடுத்தாரா, லேதா? டைம் அயிப்போத்தோந்தி."

பாடுகிறீர்களா இல்லையா அண்ணி, நேரம் போகிறது என்கிறார். அவர் பேரில் தப்பில்லை. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். அதில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"நீங்க எடுங்க வதினா" என்றாள்.

பாட்டு இல்லாமலே ஆரத்தி எடுத்தார்கள். தட்டு வாசலுக்குப் போனது, ஜனமும் எழுந்து பந்திக்குப் போனது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம் வாசனை மேடைக்கு வந்தது. என் பெரியப்பா மகன் என்னைக் கடந்து போகும்போது, "ஏண்ணா, அடுத்த தபா எங்க ஊட்டு ரேடியோவக் கொண்டாரட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

சித்தி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் வந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

"எங்க அக்கா பாடாம நான் எழுந்துக்க மாட்டேன்."

"பசிக்கும் உனக்கு."

"பசிச்சா இங்கயே துன்றேன். கொண்டாந்து குடு."

உங்கள் அம்மா வந்து லேப்டாப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வட்டம் சுற்றி முடிந்து பாட்டு வந்திருந்தது. நான் பெட்டி ஒயரைக் கழற்றி, மறுபடி சொருகி, ஒரு நெல் இழுத்து வைத்து, சத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் பாடின. அவள் லேப்டாப்பின் பக்கவாட்டைப் பார்த்தாள்.

"இது இன்னா, வெளிய துருத்திகினு கீது" என்று கட்டை விரலால் ஒயரை அழுத்தினாள்.

டிக் என்று ஒரு சத்தம். லேப்டாப் வாயை மூடியது.

பாட்டு பெட்டியிலிருந்து மட்டும் வந்தது. சுத்தமாக, தூரத்திலிருந்து, வர வேண்டிய இடத்திலிருந்து வந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. புரியாமலே, "முழுசாத் தள்ளாதே, கொரலு போயிடும்" என்று சொல்லி ஒரு நெல் வெளியே இழுத்தேன். லேப்டாப் மறுபடியும் கத்த ஆரம்பித்தது.

அவள் என் கையில் ஒரு அடி வைத்தாள். நன்றாகவே வைத்தாள். ஒயரைத் திரும்ப அழுத்தினாள். டிக்.

"எந்தக் கொரலு போயிடும்? அதுல ஏது கொரலு? அந்தக் கொரலத்தான் பாப்பா எடுத்துட்டாளே. கைய எடு."

பிள்ளைகளே, அத்தனை நாளும் அவ்வளவுதான் விஷயம். ஒயர் கடைசி வரைக்கும் போய் ஓட்டையின் உள் முனையைத் தொட்டால்தான் லேப்டாப்புக்குப் பெட்டி வந்திருக்கிறது என்று தெரியும். நான் ஒவ்வொரு தடவையும் தொடவிடாமல் இழுத்து வைத்தேன். கடைக்காரர் தன் ஹெட்ஃபோனை எல்லோரையும் போல முழுசாகச் சொருகினார், மூடியது. பாப்பா முதல் நாளே கேட்டாள், நான் கத்தினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சலாக இருக்கிறது. லேப்டாப் மேல் இருந்த எரிச்சலை இப்போது எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாத எரிச்சல்.

உங்கள் அம்மா எழுந்து நின்றாள். மைக்கைப் பிடித்தாள். சித்தி நாற்காலியில் வளையலைச் சரி பண்ணிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பந்தியிலிருந்து பாத்திரச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாட்டைத் தட்டினேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். அம்மா எப்படிப் பாடினாள்? எனக்குத் தெரியாது. அந்த ஒயர் பழசு, முனை தேய்ந்தது. முழுசாகத் தள்ளின பிறகும் தானாக வெளியே வந்துவிடுமோ என்று பயம். நான் மேடையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் என் கண் அந்த ஓட்டையில்தான் இருந்தது. என் காது, லேப்டாப் கத்துகிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. உங்கள் அம்மாவிடம் நான் பார்த்தது புடவைக் கரையும், தாளத்துக்கு அசைந்த கால் விரலும்தான். ஒரு இடத்தில் குதிகால் தரையை விட்டு எழும்பியது. அது பாட்டு மேலே போகிற இடம் என்று நினைக்கிறேன். எழும்பின குதிகால் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, அப்புறம் மெதுவாக இறங்கியது.

சித்தி அழுதாளாம். பந்தியில் பாதி பேர் இலையை விட்டு எழுந்து வந்து, எச்சில் கையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்களாம். மாமியார் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது என்று சொன்னாராம். எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேனில் திரும்பி வரும்போது சித்தூர் தாண்டின பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நல்லா வந்துச்சா?"

"நீ எங்க இருந்த?"

"உன் காலாண்டதான்."

"அப்ப என்ன எதுக்குக் கேக்கற?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ரொம்ப தூரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் அவளே சொன்னாள். "மேல போறது கஷ்டம்னு எல்லாரும் பயந்தீங்க. மேல எப்டியோ புடிச்சிட்டேன். கீழ போற எடத்துலதான் வெறும் காத்து வருது. பாப்பா மூணு கொறச்சது ஜாஸ்தி. ரெண்டு போதும்."

"பாப்பாகிட்ட சொல்றேன்."

"அவளுக்குப் பரீட்சை. வுடு."

மறுநாள் பால் இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கடலைக் காட்டில் களை எடுக்கப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. மண்டபத்திலிருந்து கொண்டு வந்த பெட்டிகள் கூடத்தில் கயிறு அவிழ்க்காமல் கிடந்தன. அவிழ்த்து மாட்டினேன். ஒயரை லேப்டாப்பில் சொருகினதும் கை தானாக ஒரு நெல் இழுத்தது. லேப்டாப் கத்தியது. அழுத்தினேன், டிக். ப்ரோக்ராமைத் திறந்து, பாப்பா, நீ சுருதியை இறக்கி வைத்திருந்த இடத்தைத் தேடினேன். ரொம்ப நேரம் பிடித்தது, இரண்டு தடவை வேறு எங்கேயோ போய்விட்டேன். கடைசியில் மூன்று என்று இருந்த இடம் கிடைத்தது. அதை இரண்டாக மாற்றி வைத்தேன்.